லூர்து அண்ணியின் கோழிக்கூடு

போன வாரம் பக்கத்து வீட்டில் வெள்ளையடித்தார்கள். இப்போதெல்லாம் டப்பாவில் பெயிண்ட் வாங்கி அடிப்பதுதான் வழக்கம். அவர்கள் என்னவோ பழைய முறைப்படி கல்சுண்ணாம்பு வாங்கி வந்து தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். உஸ்ஸென்று அது கொதிக்கிற சத்தம் முதலில் வந்தது, பின்னாலேயே நெடி. எனக்கு ஆகாது என்று மகள் ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினாள். திறந்து வை என்றேன். சுண்ணாம்பு வாசனை வந்தால் எனக்குக் கோழி ஞாபகம் வரும் என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு. உங்களுக்கும் சிரிப்பு வரலாம். கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். எனக்கு இருபது வயது. திருச்சியில் வளர்ந்து, டீச்சர் ட்ரெயினிங் முடித்த கையோடு கல்யாணமாகி, அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சி போகிற வழியில் ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரரும் வாத்தியார். கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஐந்தாம் வகுப்பு, எனக்கு ஒன்றாம் வகுப்பு. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், அவருடைய அக்கா லூர்து அண்ணியும்.

அண்ணிக்கு என்னைவிட ஆறு வயது கூட. கல்யாணமான இரண்டாம் வருஷமே அவள் புருஷன் ரங்கூனுக்கு அரிசி ஆலை வேலைக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் ஜெயங்கொண்டம் சந்தையில் இன்னும் முட்டையிடாத ஒரு புள்ளி வெடைக்கோழி வாங்கி அவள் கையில் கொடுத்திருக்கிறார். இது குஞ்சு பொரித்துப் பெருகுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொன்னாராம். கோழி பெருகியது. அவர் வரவில்லை. ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து கடுதாசியும் நின்றுபோயிற்று. அண்ணி கோழிகளைப் பஞ்சாரக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது பதினான்கு உருப்படி இருந்தன. எனக்கோ கோழி என்றாலே பயம். டவுனில் வளர்ந்தவள், கோழியைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். சேவல் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் நான் புடவையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவேன். முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்காரவைக்கிற டீச்சர் இப்படி ஓடுவதைப் பார்த்து அண்ணிக்கு ஒரே வேடிக்கை. அதிலிருந்துதான் என்னை ‘டீச்சரு’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். கடைசிவரை அந்தப் பெயர்தான்.

அண்ணி வேடிக்கை பேசுகிற நாள் குறைவு. பர்மாவிலிருந்து மலையேறி நடந்தே திரும்பியவர்கள் ஒன்றிரண்டு பேர் அரியலூர் பக்கம் இருந்தார்கள். வழியெல்லாம் ஆட்கள் விழுந்து செத்த கதையை அவர்கள் சொன்னது எங்கள் ஊர்வரை வந்துவிட்டது. அண்ணி புருஷனுடைய பெரியப்பா மாதம் ஒரு தடவை வருவார். அண்ணி அவரைப் பெரிய மாமா என்பாள். கெட்ட மனிதர் இல்லை. போனவனுக்குக் கோயிலில் ஒரு இறந்தோர் பூசை வைத்துவிட்டால் அவன் ஆத்துமாவாவது இளைப்பாறும், நீயும் மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்பார். அண்ணி கோழிக்குக் கம்பு இறைக்கப் போய்விடுவாள்.

கோழிக்கூடு என்று நான் சொல்வது கொல்லையில் முழங்கால் உயரத்துக்கு இருந்த மண் சுவரும், மேலே கொஞ்சம் பனையோலையும். வாசலுக்கு ஒரு பலகை. பலகையைச் சாத்தி அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு கல். அவ்வளவுதான் பந்தோபஸ்து.

ஐப்பசி மாதம். அண்ணி ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போனவள் மழையில் அங்கேயே தங்கிவிட்டாள். அன்றைக்குக் கோழி அடைக்கிற வேலை என்னுடையது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தூறலில் தூர நின்று துடைப்பத்தால் விரட்டி எல்லாவற்றையும் உள்ளே தள்ளினேன். பலகையைச் சாத்தினேன். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஓடி வந்துவிட்டேன்.

கல் வைக்கவில்லை.

விடிந்து பார்த்தால் பலகை விழுந்து கிடக்கிறது. கொல்லை முழுக்க இறகு. காட்டுப்பூனை. தின்றது ஒன்றிரண்டுதான், மற்றதையெல்லாம் கடித்துப் போட்டிருந்தது. அந்தப் பழைய புள்ளிக்கோழியும் போயிற்று. முருங்கை மரத்தில் ஏறித் தப்பிய சேவல் ஒன்று, அடுப்படி மூலையில் பதினோரு முட்டையை அடைகாத்துக்கொண்டிருந்த கோழி ஒன்று, இவைதான் மிச்சம்.

மத்தியானம் வந்த அண்ணி அழவில்லை. கொல்லையைச் சுற்றி வந்தாள், முட்டுக்கல் கிடந்த இடத்தில் குனிந்து என்னவோ பார்த்தாள். பிறகு மண்வெட்டி எடுத்து எல்லாவற்றையும் முருங்கைக்கடியில் புதைத்தாள். சாயங்காலம் தம்பியிடம் சொன்னாள்.

“பெரிய மாமாவுக்குச் சொல்லி அனுப்பு. பூசைய வச்சிரட்டும்.”

அண்ணி கோழிக்காக இதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் மறந்த ஒரு கல், ஒருவேளை உயிரோடிருக்கிற ஒரு மனிதனை அவள் மனதில் சாகடித்துவிட்டது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது: அடுப்படியில் இருக்கிற முட்டை பொரியட்டும், அதற்கப்புறம் பூசைக்கு நாள் குறிக்கலாம், அதுவரை நான் கூட்டைச் சரிபண்ணித் தருகிறேன். நீயா என்பது போல அண்ணி பார்த்தாள். வேண்டாமென்று சொல்லவில்லை. அதுவே போதுமென்று நினைத்தேன். பொரிய இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது.

என் வீட்டுக்காரர் உற்சாகமாகிவிட்டார். மறுநாளே சிலேட்டில் ஒரு படம் போட்டுக் காட்டினார். வளைவு ஜன்னல், முகப்பு, உச்சியில் ஒரு கோபுரம் மாதிரி. சிலுவை மட்டும்தான் பாக்கி. கோழி பூசை பார்க்கவா போகிறது என்று கேட்டேன். அந்தப் படத்தைச் சுண்ணாம்பு சுடுகிற காளவாயில் வேலை பார்த்த அஞ்சலையிடம் காட்டியபோது அவள் சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அஞ்சலைக்குக் கல் சுமக்கவும் தெரியும், கட்டவும் தெரியும். அவள் பிள்ளை என் வகுப்பில் படித்தாள். காளவாய் வேலை முடிந்து சாயங்காலம் வருவாள், ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் இருப்பாள்.

“காத்து வேணும் டீச்சரம்மா. பெருசா கட்டிப்புட்டு மூச்சுமுட்டச் சாத்துனா எல்லாம் சீக்கு வந்து செத்துரும்,” என்றாள்.

அவள் சொன்னபடிதான் கட்டினோம். பழைய மண் சுவரை இடித்து, தரையை ஒரு முழம் உயர்த்திக் கல் பாவினோம், எதுவும் தோண்டி வராதபடிக்கு. ஆள் குனிந்து உள்ளே போய்ப் பெருக்குகிற அளவுக்கு உயரம். நீளம் முன்பிருந்ததைப் போல மூன்று மடங்கு. அடைக்கோழிக்குத் தனியாகத் தடுப்பு. காற்றுக்கு, ஊரெல்லாம் கேட்டு உடைந்த பானைக் கழுத்துகளை வாங்கி வந்து சுவரில் வரிசையாகப் பதித்தாள். வெளிச்சமும் காற்றும் வரும், பூனை தலை நுழையாது. மேலே பனங்கைச் சட்டம் போட்டு ஓடு. கதவுக்கு இரும்பு கிடைக்கவில்லை. யுத்தத்தில் ஆணிக்குக்கூடப் பஞ்சம். என் வீட்டுக்காரர் தன்னுடைய டிரங்குப் பெட்டியின் கொண்டியையும் தாழ்ப்பாளையும் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அவருடைய புத்தகங்களெல்லாம் கயிறு கட்டிய பெட்டியில்தான் இருந்தன.

நான் சாந்து குழைத்தேன். சுண்ணாம்பு பட்டு விரலெல்லாம் வெந்து, கரும்பலகையில் எழுத முடியாமல் ஒரு வாரம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடமாகவே ஓடியது.

அண்ணி முதலில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கல்லை எடுத்துக் கொடுக்க வந்து நின்றாள். எங்கள் பக்கத்துக் கல்லை உடைத்தால் உள்ளே சிப்பி இருக்கும், சங்கு இருக்கும், எல்லாம் கல்லாகிப்போனது. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று என் வீட்டுக்காரர் தம் வாத்தியார் குரலில் விளக்கினார். அண்ணி ஒரு சிப்பியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவு தூரத்துக் கடலு இங்க வரைக்கும் வந்துருக்கு,” என்றாள். அந்தக் கல்லைச் சிப்பி வெளியே தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னாள்.

அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது. சாந்துச் சட்டியும் கையுமாகச் சொல்லிவிட்டேன், கல் வைக்க மறந்ததை.

“தெரியும் டீச்சரு. அந்தக் கல்லைத் தூக்கிப் பாத்தேன். அடியில மண்ணு காஞ்சு கெடந்துச்சு. மழை தொடங்குனதுக்கு அப்புறம் நீ அத நகத்தவே இல்ல.”

“ஏன் அண்ணி கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

அப்புறம் நான் அழுதேன். அவள் என் விரல்களுக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். தப்பு செய்தவளுக்கு வைத்தியம். அஞ்சலை முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பூசிக்கொண்டே இருந்தாள், எங்களைப் பார்க்காத மாதிரி.

பதினொன்றில் ஒன்பது பொரித்தன. புதுக்கூட்டின் தடுப்புக்குள் தாயும் குஞ்சுகளும் குடியேறிய அன்று பெரிய மாமா வந்தார், பூசைக்கு நாள் கேட்க. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணி கொல்லையிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்தாள்.

“பூசை வைங்க மாமா. உசுரோட திரும்பி வரணும்னு வைங்க.”

கிழவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியே வைக்கலாம் என்றார்.

காட்டுப்பூனை அதற்கப்புறமும் வந்தது. ஈர மண்ணில் கூட்டைச் சுற்றிச் சுற்றி அதன் காலடி இருக்கும், அவ்வளவுதான். ஒன்பது குஞ்சு முப்பது கோழியாயிற்று. முட்டை அரியலூர் ரயிலடிவரை போனது. அண்ணி ஊரில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு முதலில் கொடுத்துவிட்டுத்தான் மிச்சத்தை விற்பாள். நானும் துடைப்பம் இல்லாமல் கோழி அடைக்கக் கற்றுக்கொண்டேன். சேவலைப் பார்த்து ஓடுவது மட்டும் நிற்கவில்லை.

யுத்தம் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு சாயங்காலம், மாட்டுவண்டி ஒன்று வாசலில் நின்றது. இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் பார்த்ததே இல்லையே. எலும்பும் தோலுமாக, தலை நரைத்து, கையில் ஒரு துணி மூட்டை. லூர்து இருக்காளா என்று கேட்டார். நான் பின்பக்கம் கையைக் காட்டினேன். கொல்லை வாசலில் போய் நின்றார். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

“உக்காருங்க. கூட்டச் சாத்திட்டு வந்துர்றேன்,” என்றாள்.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட அவளால் முடியவில்லை. நான்தான் போய்ப் போட்டேன்.

மலையைத் தாண்ட முடியாமல் ரங்கூனிலேயே ஒளிந்தும் உழைத்தும் காலம் தள்ளியிருக்கிறார். தேறிவர ஒரு வருஷம் பிடித்தது. பிறகு இருவரும் ஜெயங்கொண்டம் பக்கம் நிலம் பார்த்துப் போனார்கள், நான்கு பஞ்சாரம் நிறையக் கோழிகளோடு. அங்கே அண்ணிக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். மூத்தவள் டீச்சர்.

நாங்கள் மாற்றலாகி ஊரைவிட்டு வந்தே நாற்பது வருஷமாகிறது. சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது வீட்டைப் பார்த்தேன். கோழிக்கூடு இருந்த கொல்லையில் மாடிவீடு எழும்பியிருக்கிறது. தெருவெல்லாம் ஆள் உயரத்துக்குக் காம்பவுண்டுச் சுவர், மேலே கண்ணாடிச் சில்லு. பொழுது சாய்கிற நேரம். அந்த நேரத்தில் முன்பு அந்தத் தெருவில் ஒரு நடமாட்டம் இருக்கும். வழிதவறிய கோழி யார் வீட்டில் வேண்டுமானாலும் போய் அடையும். அந்த வீட்டுக்காரி அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நின்று, “உங்க வூட்டுல ஏதும் கொறையுதா?” என்று கேட்டுக்கொண்டு போவாள். இல்லை என்றாலும் கொஞ்சம் நின்று பேசிவிட்டுத்தான் அடுத்த வாசலுக்கு நகர்வாள். அன்றைக்கு இருட்டும்வரை அந்தத் தெருவில் நின்றிருந்தேன். எல்லா வாசலும் சாத்தியிருந்தது. யாரும் யாரையும் கேட்டு வரவில்லை.