நாற்றுக்குக் காவல்

எங்கள் அப்பா தையல்காரர். கீழ்வேளூர் கடைத்தெருவில் நிழலிலேயே உட்கார்ந்து வெளுத்துப்போனவர். பால் வாங்கப் போனாலும் குடை பிடிப்பார், தெருவே சிரிக்கும். ரெடிமேட் சட்டைகள் வந்து கடை ஈயாடத் தொடங்கிய வருடம் அவருக்குத் துபாய் விசா கிடைத்தது. ஏசி ஹாலில் தையல் வேலை என்று எங்களிடம் சொல்லியிருந்தார்.

அந்த மாசியில் அம்மா மரப்பெட்டியில் கத்தரி நாற்று விட்டிருந்தாள். கொட்டகை நிழலில் முளைத்ததை அப்படியே கொல்லையில் நட்டால் சுருண்டுவிடும். அதனால் முதல் நாள் அரை மணி, மறுநாள் ஒரு மணி என்று கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டுவாள். தண்ணீரையும் குறைத்துக்கொண்டே வருவாள்.

முதல் நாள் பெட்டியை வெளியே வைத்ததுமே அப்பா பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார், குடையில்லாமல்.

"கோழி கொத்திடும். நான் பாத்துக்கறேன்."

எங்களிடமிருந்த ஒரே கோழி, சாம்பல் புதனுக்கு முந்திய நாளே குழம்பாகியிருந்தது.

நாற்றுக்கு எத்தனை மணியோ அவருக்கும் அத்தனை மணி. நாலாம் நாள் மூக்குத் தோல் உரிந்தது. ஆறாம் நாள் உச்சிவெயிலில் நாற்றெல்லாம் தலை தொங்கிவிட்டன, அப்பாவும்தான். நான் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஊத்தாதடி. இப்ப செல்லம் குடுத்தா அப்புறம் தாங்காது" என்றாள் அம்மா.

"அப்பாவுக்காவது குடும்மா."

"வேணாம் பாப்பா, அப்புறம் குடிச்சுக்கறேன்" என்றார் அப்பா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பார்த்தால், செத்தது என்று நான் அழுத நாற்று அத்தனையும் நிமிர்ந்து நின்றன! தண்டு ஊதாநிறமேறித் தடித்திருந்தது. பக்கத்தில் அப்பா, கறுத்துப்போய், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வாய் பிளந்து நின்றேன். செடிமேல் இவ்வளவு பாசம் வைத்த மனிதர் உலகத்திலேயே எங்கள் அப்பாதான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் நட்டோம். ஒன்றுகூட வாடவில்லை.

அந்த வாரமே அப்பா கிளம்பினார். பஸ் ஏறும்போது அம்மா ஒரு துண்டை அவர் கையில் திணித்தாள். "தலையில கட்டிக்காம நிக்காதீங்க" என்றாள். அவர் போவது கட்டட வேலைக்கு என்று அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஏசி ஹாலில் தைக்கிறவருக்குத் தலைப்பாகை எதற்கு என்று நான் அம்மாவைக் கேலி செய்து, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். அப்பாவும் என்னோடு சேர்ந்து சிரித்தார்.