செத்த லைனில் எரிந்த பல்பு

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, மின்சார அலுவலகத்தில் அவருக்கு லாம்பு என்றுதான் பெயர். ஐம்பத்திரண்டு வயது லைன்மேன். காக்கிச் சட்டையின் இடது பையில் எந்நேரமும் ஒரு டெஸ்ட் லாம்ப் இருக்கும். பெரிய கருவியெல்லாம் இல்லை. ஒரு ஹோல்டர், ஒரு பல்பு, நுனி சுரண்டிய இரண்டு ஒயர், அவ்வளவுதான். ஃப்யூஸைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டுக் கம்பம் ஏறினாலும் சரி, பல்பை வைத்துப் பார்க்காமல் கம்பியைத் தொடமாட்டார். வைக்கும்போது "இருக்கியா?" என்று கம்பியிடம் கேட்பார். பல்பு எரியாது. அது எரியவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கை நீளும்.

"கட்டின பொண்டாட்டியவே பல்பு வச்சுப் பார்த்துட்டுதான் தொடுவாரு" என்று அலுவலகத்தில் கிண்டல். அவரும் சிரித்துவைப்பார். ஆனால் இந்தப் பழக்கம் சிரிப்பில் வந்தது இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு குளிர்காலப் புயலில், அவருடைய ஜோடி லைன்மேன் குட்டையன் அறுந்த கம்பியைக் கட்டப்போய் ஒரு தெருக்கோடிக் கம்பத்தில் செத்துப்போனான். பதினோரு வருடம் ஒரே ஏணியைத் தூக்கியவர்கள். அன்று குட்டையன் டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கி, வேறு எவனும் திரும்பச் சொருகிவிடக் கூடாதென்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறினான். ஏறியவன் இடுப்பு வாரில் அப்படியே தொங்கினான். இறக்கியது லாம்புதான். பையைத் தடவிப் பார்த்தால் மூன்று கட்டையும் பத்திரமாக இருக்கின்றன!

விசாரித்தார்கள். காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கையைக் கழுவினார்கள். தெருக்காரர்களுக்குக் காரணம் தெரிந்திருந்தது. அந்தக் கம்பத்தில் செத்த லைனுக்கு உயிர் வரும் என்றார்கள். அதன் பிறகு அங்கே ஏறு என்றால் எவனுக்காவது திடீரென்று வயிறு வலிக்கும். லாம்புவின் அக்கா வீடும் அந்தத் தெருவில்தான். அங்கே போகும்போதெல்லாம் அவர் கம்பத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

குட்டையனின் மனைவி வேறு, எங்கே பார்த்தாலும் ஒன்றையே கேட்பாள். "ஃப்யூஸு அவர் பையிலயே இருந்துச்சே, அப்புறம் எப்படிண்ணே?" பதில் தெரிந்தால்தானே சொல்வதற்கு! நாளாக நாளாக, தூரத்தில் அவள் வருவது தெரிந்தாலே எதிர்ப்பக்கம் தாண்டிவிடுவார். வெட்கமாகத்தான் இருந்தது. என்ன செய்ய?

இந்த வருடப் புயல் மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மழை நின்றது, காற்று நிற்கவில்லை. மூன்று மணிக்கே பொழுது சாய்ந்த மாதிரி இருட்டு. அதே தெருவில் ஒரு கிளை முறிந்து விழுந்து கம்பி அறுந்துவிட்டது. அறுந்த இடத்துக்கு அப்பால் குட்டையன் செத்த அந்தக் கடைசிக் கம்பமும் மூன்று வீடுகளும் மட்டும் தனியாக நின்றன. இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. மூன்றாவது அக்கா வீடு.

வேறு யாரும் வரவில்லை. லாம்புவும் ஜீப் டிரைவரும்தான். லாம்பு ஃப்யூஸ்களைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். குட்டையன் செய்தது போலவே செய்கிறோம் என்று நினைத்ததும் பையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். வாரை மாட்டினார். பல்பின் ஒயர்களை இரண்டு கம்பியிலும் வைத்தார்.

"இருக்கியா?"

பல்பு எரிந்தது.

"அண்ணே, பல்பு எரியுதுண்ணே!" கீழே டிரைவர் அலறினான்.

"தெரியுதுடா."

"ஃப்யூஸு?"

"என் பையில."

"அய்யய்யோ! குட்டையன் அண்ணன்தான். எறங்கிருங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

லாம்பு இறங்கவில்லை. இறங்க முடியவில்லை என்பதுதான் உண்மை. கண் பல்பை விட்டு நகரவில்லை. அந்தப் பல்பு சும்மாவும் எரியவில்லை. பிரகாசமாக எரிந்து, சட்டென்று மங்கி, கொஞ்ச நேரம் மங்கலாகவே இருந்து, திரும்பப் பிரகாசமானது. மறுபடி மங்கியது. நோயாளி மூச்சு விடுகிற மாதிரி.

"டேய், நீயாடா?" என்று கேட்டேவிட்டார். ஐம்பத்திரண்டு வயது ஆள், வெட்டவெளியில், பல்பைப் பார்த்து. கேட்டதும் கண் நிறைந்துவிட்டது.

கண்ணைத் துடைக்கத் தலையைத் திருப்பினார். இருண்டு கிடந்த தெருவில் ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம். அக்கா வீட்டு ஜன்னல். கையில் இருந்த பல்பு மங்கியது. ஜன்னலும் மங்கியது. பல்பு பிரகாசமானது. ஜன்னலும்.

இது பேய் இல்லை, அக்கா வீட்டிலிருந்து வருகிற கரண்ட் என்று அப்போதுதான் உறைத்தது. வாரைக் கழற்றிவிட்டு மளமளவென்று இறங்கினார்.

"அறுந்த கம்பி கிட்ட ஒரு ஈ காக்கா போகக்கூடாது, அதுலயும் கரண்ட் இருக்கு. இங்கயே நில்லு" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு ஓடினார்.

அக்கா வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. காற்றின் இரைச்சலில் தெருவுக்குக் கேட்கவில்லை. அதிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக உள்ளே போய்ச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டில் சொருகியிருந்தது. மூலையில் ஹீட்டர் டக்கென்று தானாக அணைந்தது, வெளிச்சம் கூடியது. டக்கென்று எரிந்தது, வெளிச்சம் குறைந்தது. லாம்பு முதல் வேலையாக ஜெனரேட்டரை நிறுத்தினார். பிறகு ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். இரண்டு முனையிலும் பிளக். சிவப்பு டேப், மூன்று சுற்று. அவர் சுற்றுகிற சுற்று.

"ஏன்டா நிறுத்துன? குளிரு உசிரை வாங்குது" என்று அக்கா போர்வையோடு வந்தாள்.

"மெயினை ஆஃப் பண்ணலியாக்கா?"

"மெயினா? அது எதுக்கு?"

"அத்தான் சொல்லலியா? மெயினை ஆஃப் பண்ணிட்டுதான் இதைச் சொருகணும். இல்லேன்னா கரண்டு வெளிய கம்பத்துக்குப் போயிரும். அவர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நீ அவர்கிட்டதான சொன்ன? நான் பக்கத்துல நின்னு என்னன்னு கேட்டதுக்கு, உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்னுட்ட."

சொன்னார்தான். அத்தான் மூச்சு முட்டிப் படுத்திருந்த காலம் அது. கரண்ட் போனால் மருந்துப் புகை மெஷின் நின்றுவிடும் என்று அக்கா அழுதாள். மனசு கேட்காமல் ஒரு மணி நேரத்தில் இந்த ஒயரைச் செய்துகொடுத்தார். அக்காதான் அதைச் சொருகப்போகிறவள் என்கிற அறிவு இல்லை. என்ன மனுஷன்!

"முதல் தடவை எப்போ போட்டக்கா?"

"நீ குடுத்த வருசம்தான். பெரும் புயல். மத்தியானம் அவருக்கு இழுத்துருச்சு, பேச்சு மூச்சு இல்ல. நானே ஓடிச் சொருகுனேன். பொழைச்சுக்கிட்டாரு. அதே மத்தியானம்தானடா உன் சிநேகிதன் அந்தக் கம்பத்துல..."

அக்காவின் கை வாய்க்குப் போனது. "என்னாலயாடா?"

"உன்னால இல்லக்கா. உன்கிட்ட சொல்லாதவனால."

திரும்பப் போய் ஏறினார். பல்பை வைத்து "இருக்கியா?" என்றார். எரியவில்லை. கம்பியைக் கட்டி முடித்தார். ஃப்யூஸைச் சொருகியதும் தெரு முழுக்க விளக்கு வந்தது. டிரைவர் விசிலடித்தான். லாம்பு அந்த ஒயரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, குட்டையன் வீட்டுக்கு விடச் சொன்னார்.

அவளே கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே, வழி தெரிஞ்சுதா?" என்றாள். அவர் ஒயரை மேஜைமேல் வைத்தார்.

"அப்புறம் எப்படின்னு கேட்பியேம்மா. இப்படித்தான். ஒரு வீட்டு ஜெனரேட்டர்லேருந்து இதுவழியா கரண்டு கம்பத்துக்குப் போயிருக்கு."

அவள் அதைத் தொடவில்லை. இந்த முனையையும் அந்த முனையையும் பார்த்தாள். "யாரு செஞ்சது?"

"நான்தான்மா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே போங்க என்று சொல்வாள் என்று காத்திருந்தார். சொன்னால் போய்விடலாம். அவள் ஒயரைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவர்தான் கவனக்குறைவா எதையோ விட்டுட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் ஒம்பது வருசமா தினம் அவரைத் திட்டிக்கிட்டே இருக்கேண்ணே."

"இல்லம்மா," என்றார் லாம்பு. "அவன் எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சான்."