மனை பொது

தருமபுரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வளவில் நான்கு போர்ஷன்கள். ஒரே கூரை, ஒரே கிணறு, நடுவில் முற்றம். எழுபதுகளின் தொடக்கத்தில் வீட்டுக்காரப் பாய் பெங்களூரில் இருக்கும் மகனோடு போய்விட முடிவு செய்தார். வெளியாளுக்கு விற்க அவருக்கு மனம் வரவில்லை. குடியிருப்பவர்களுக்கே ஆளுக்கொரு போர்ஷனாக எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

கடைசி போர்ஷனில் ஒரு லாரி டிரைவரின் மனைவி. கன்னடக்காரி. வந்த புதிதில் என்னைப் பார்த்து "பன்னி, பன்னி" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். 'வாங்க' என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று என் கணவர் விளக்கிய பிறகே அடங்கினேன். கல்யாணமானதிலிருந்து வீடு மாறி மாறியே அலுத்துப் போனவள் அவள். காலி பண்ணு என்று யாரும் சொல்லாத ஒரு வீடு வேண்டும், அவள் ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

பாய் எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "போர்ஷன் அவங்கவங்களுக்குங்க. மனை மட்டும் நாலு பேருக்கும் பொது. அதைப் பிரிக்க முடியாதுங்க."

எங்களுக்குத் திருப்தி. அவள் மட்டும் எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் முருங்கைக்கீரை கொடுக்கப் போனேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. சாமான்களை ஒரு மூலைக்குத் தள்ளி, மீதி இடத்தைப் பெருக்கி வைத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"என்னாச்சு?"

"மனெ நாலு பேருக்கும் பொதுன்னு பாய் சொன்னாரே அக்கா. நீங்கல்லாம் வந்தா எடம் வேணுமில்ல? அவரு லோடு எறக்கிட்டு வந்தா என்னான்னு சொல்லுவேன்?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கன்னடத்தில் மனெ என்றால் வீடு. சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. பாவமாக இருந்தது. கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிவந்து, தரையைக் காலால் தட்டிக் காட்டினேன்.

"எங்க பேச்சுல மனைன்னா இந்த மண்ணு. இதுதான் பொது. உன் வூடு உனக்குத்தான். உன்னைக் கேக்காம யாரும் உள்ள கால் வெக்க முடியாது."

"தாப்பா போட்டுக்கலாமா?"

"போட்டுக்க."

விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கீரையும் கையுமாக நான் வெளியே நின்றேன். உள்ளே அழுகிறாளா சிரிக்கிறாளா, தெரியவில்லை. பிறகு கதவு திறந்தது.

"பன்னி அக்கா, நம்ம மனெகெ பன்னி" என்றாள்.