மஞ்சள் துணியில் முடிந்த தாடி

வலது கையால் சோறு அள்ளி வாயில் வைக்க முடியாமல் மூன்று மாதம் கிடந்தேன். பெரியண்ணசாமியைக் கும்பிடும் சொந்தங்களே, நாற்பத்தாறு வயது ஆளுக்குப் பெண்டாட்டி ஊட்டிவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, மாசி மாதம். மலைமேல் பெரக்கரை நாட்டில் எங்கள் காட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணி வழுக்கிவிட்டது. விழுந்த இடத்தில் பாறை. தோளுக்குள் ஏதோ அறுந்தது எனக்கே தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பச்சிலை வைத்துக் கட்டினேன். கை சரியாகும்வரை முடியும் தாடியும் எடுப்பதில்லை, சரியானதும் உன் கோயிலில் இறக்குகிறேன் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டேன். தாடி வளர்ந்தது. கை வரவில்லை. மரம் ஏற முடியாதவன் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

வைகாசியில் என் மனைவி செல்லம்மாள் அடம்பிடித்து பஸ் ஏற்றினாள். எழுபது வளைவிலும் பல்லைக் கடித்துக்கொண்டு மலை இறங்கினேன். கீழே ஆஸ்பத்திரியில், தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன்தான் என்றார்கள். எனக்கோ சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. முழு மயக்கம் கொடுத்தால் நெஞ்சு தாங்காது என்று இரண்டு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். "மலையிலயும் கைவிட்ட, கீழயும் கைவிட்டியா பெரியண்ணா?" என்று பஸ் ஸ்டாண்டில் நின்று சாமியோடு சண்டை போட்டேன். செல்லம்மாள் மட்டும் வாய்க்குள் வேண்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவதாக சேலம் போனோம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா என் மூச்சைப் பரிசோதித்தார்.

"வயித்துல கொழந்தையப் பாக்கற ஸ்கேன் இருக்குதில்லீங்க, அதைக் கழுத்துல வெச்சு, நரம்பைப் பாத்துட்டே ஊசி போடறேன். தோளும் கையும் மட்டும் மரத்துப்போகும். மூச்சுக்குப் போற நரம்பு பக்கத்துலயே இருக்குது. அதனால மருந்து கொஞ்சமாத்தான் போடுவேன்."

எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே போனது. ஊசி போடும் இடத்தில் தாடியை எடுக்க வேண்டுமாம்.

"அது சாமி முடிங்க. இங்க கத்தி படக்கூடாதுங்க. எனக்குக் கையே வேண்டாமுங்க." கட்டிலை விட்டு இறங்கிவிட்டேன்.

செல்லம்மாள் வழிமறித்தாள். நேர்ந்த காசு முடிந்திருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து என் தாடைக்குக் கீழே ஏந்தினாள். "ஏனுங்க, முடி சாமியோடதுன்னா நான் கொண்டுபோய் சாமிகிட்டச் சேத்தறேன். ஒரு மசிரு கீழ விழுகாது. உக்காருங்க."

நர்ஸம்மா ஒரு பக்கம் மட்டும் வழித்தார். செல்லம்மாள் ஏந்திய துணி விலகவில்லை; விழுந்த முடியை அதிலேயே முடிந்துகொண்டாள்.

திரையில் என் கழுத்துக்குள் இருப்பது கறுப்பும் வெள்ளையுமாகத் தெரிந்தது. ஊசி வெள்ளைக் கோடாக மெல்ல நகர்ந்தது. இழுப்பு வந்துவிடுமோ என்று ஒவ்வொரு மூச்சையும் எண்ணினேன். விரல்கள் சூடாகி, பிறகு கை என்னுடையதாகவே இல்லை. "பெரியண்ணா, மூச்சை மட்டும் விட்டு வை" என்று முனகிக்கொண்டே படுத்திருந்தேன். ஆபரேஷன் முடிந்தது. இழுப்பு வரவே இல்லை.

கை தூக்க மாதக்கணக்கில் பயிற்சி. வேண்டுதல் முடியாததால் மீதித் தாடியை எடுக்கவில்லை. பேளுக்குறிச்சிச் சந்தையில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் கோயிலில் முடி இறக்கினேன். செல்லம்மாள் மஞ்சள் துணியை அவிழ்த்து, அந்தப் பாதியையும் அதோடு சேர்த்து வைத்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். அதைப் பார்த்த பிறகுதான் அவள் அழுதாள்.

பச்சிலைக் கட்டோடு நான் வீணாக்கிய மூன்று மாதத்துக்குச் சாமி பொறுப்பல்ல, நான்தான். இப்போது எங்கள் பக்கம் யார் விழுந்தாலும் அன்றைக்கே பஸ் ஏற்றிவிடுகிறேன். நேர்ந்துகொள்ளுங்கள், மனதார நம்புங்கள், உடனே மலை இறங்குங்கள். அந்த டாக்டரம்மா கைக்குள்ளும் பெரியண்ணன் இருந்தான்.