மெட்டு மாற்றிய ஒப்பாரி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். கல்லூரியில் தர்க்கம் படித்தவன், மந்திரித்துக் கயிறு கட்டுகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில், மதுரை காளவாசல் பக்கம், இரண்டாம் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னால்.

கல்லூரியில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த வெள்ளைக்காரத் துரையின் மனைவி, தன் ஊர்ப் பழைய நாட்டுப்பாடல்களைப் பியானோவில் வாசித்துப் பாடுவார். அதில் ஒன்று, தண்ணீர் மொள்ளப் போய் ஆற்றோடு போன ஒரு பெண்ணைப் பற்றியது. இதை யார் கட்டியது என்று எவருக்கும் தெரியாது, பாடுகிறவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வார்கள் என்றார் அந்த அம்மாள். எனக்கு அது போதும். நாடகத்தில் இங்கிலீஷ் மெட்டு வந்தாலே கைதட்டல் விழுந்த காலம் அது, நானும் ஒரு நாடகக் கம்பெனிக்குப் பாட்டு எழுதிப் பாடிக்கொண்டிருந்தேன். மெட்டை வேகமாக்கி, நடுவில் ஆட்டத்துக்கும் இடம் வைத்தேன். வார்த்தைதான் அமையவில்லை.

அந்த மழைக்காலத்தில் கோச்சடைப் பக்கம் பேச்சி என்ற பெண்ணை வைகை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. அவளுடைய தாய் ராக்காயி கரையில் உட்கார்ந்து வைத்த ஒப்பாரியை, துக்கம் கேட்கப் போனவன் போல நின்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். சாவு விழாத இடத்தில் ஒப்பாரியை முணுமுணுக்கக்கூட எங்கள் பக்கத்துப் பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள். அது தெரிந்துதான் அதைத் தூக்கி அந்த மெட்டில் போட்டேன், குடத்தை இடுப்பில் வைத்து ஆடப்போகிறவளுக்கு ஏற்றபடி அங்கங்கே குழைத்தும் விட்டேன். சொல்லும்போதே எச்சில் கசக்கிறது.

ஒத்திகைக் கொட்டகையை ஒட்டி ஒரு செங்கல் சூளை. ராக்காயி அங்கே கல் சுமக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

ஆர்மோனியம் வாசித்த காதர் அண்ணன் என் பாட்டைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "வெள்ளைக்காரச்சிக்குக் கண்டாங்கி கட்டி விட்டுட்டியே மாப்ள! இனி ஊரே இதத்தான் பாடப்போகுது."

வாசலில் நிழல் விழுந்தது. தலையில் சும்மாடும் உடம்பெல்லாம் செம்மண்ணுமாக ராக்காயி நின்றாள்.

"ஐயா, அது எம் மகளுக்கு நான் அழுதது."

"நல்லாத்தானே இருக்கு? ஊரெல்லாம் உன் மகளை நினைக்கும்" என்றேன் நான்.

"எடுத்து அடக்கம் பண்ண அவ ஒடம்புகூடக் கெடைக்கல சாமி. அந்த அழுகை ஒண்ணுதான் அவளுக்குன்னு இருக்கு. அதையும் ஆட வச்சிராதீக."

காதர் அண்ணன் ஆர்மோனியத்தை மூடினார். "விட்ருவோம் மாப்ள. பாவம், பெத்தவ கேக்குது."

நான் விடவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஆர்மோனியம் இல்லாமலே உரக்கப் பாடினேன்.

இரண்டாவது அடியில் நாக்குக்கு அடியில் ஏதோ நெளிந்தது. ஒரு முடி. விரலால் பிடித்து இழுத்தேன், வந்தது, வந்துகொண்டே இருந்தது, தொண்டைக்குள்ளிருந்து சேறு அப்பிய கற்றையாக, கொழகொழவென்று, அழுகிய பாசி நாற்றத்தோடு, நம்பினால் நம்புங்கள், ஒரு முழத்துக்கு மேல். "யா அல்லாஹ்" என்று காதர் அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அதைக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த சாக்கடையில் வீசிவிட்டு, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தேன்.

ராக்காயி மட்டும் அருவருக்கவில்லை. "எங்கனய்யா போட்டீக? எம் மக வந்திருக்காய்யா!" என்று ஓடிப்போய்ச் சாக்கடையில் இறங்கி, மலமும் சகதியுமாக இருந்ததில் இரண்டு கையையும் விட்டுத் துழாவி எடுத்தாள். சூளைத் தொட்டித் தண்ணீரில், பிள்ளைக்குத் தலை அலசுகிற மாதிரி பொறுமையாக அலசினாள்.

சேறு போனதும் அது கறுப்பு முடியாக இல்லை. சணல் நார் போல மஞ்சளாக இருந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் அப்படி முடி கிடையாது.

ராக்காயி வெகுநேரம் அதையே பார்த்தாள். "இது எம் புள்ள இல்லய்யா" என்றாள். அப்புறம், "யாரு பெத்த புள்ளையோ. இவளுக்கும் அழ ஆளில்ல போல" என்று சூளையோரத்தில் குழி பறித்து, அதைப் புதைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சிக்கு வைத்த அதே ஒப்பாரியை வைத்தாள்.

எனக்கு அப்போதும் வந்தது இரக்கம் இல்லை, குமட்டல்தான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

ஒப்பாரியில் செத்தவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்தபோது, ஒரு எழுத்துகூடப் படிக்காத ராக்காயி பேச்சி என்று கூப்பிடவில்லை. நாக்குப் பிசகாமல் ஒரு இங்கிலீஷ் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். துரையின் மனைவி பாடிய பாட்டில், ஆற்றோடு போன அந்தப் பெண்ணுக்குப் பேரே கிடையாது.

அந்தப் பேர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைச் சொல்ல மட்டும் இன்றுவரை வாயைத் திறக்கத் துணிவு வரவில்லை.