கடைசி லாரியில் என்ன இருந்தது

வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். வீட்டில் எல்லோருக்கும் இது கிண்டல். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் எனக்குச் சோறு போட்டதே அந்தச் சந்தேகப் புத்திதான். பழைய இரும்பு ஏற்றிவரும் லாரிகளைச் சோதிப்பது என் வேலை. வாய் அடைத்த குழாய், சிலிண்டர், பைக்கின் ஷாக் அப்சார்பர் என்று ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தப்பி உலைக்குள் போனால் வெடிக்கும். உலைப்பக்கம் நிற்பவர்களில் என் தங்கை வீட்டுக்காரரும் ஒருவர். அதனால் லாரிமேல் ஏறி, கம்பியால் கிளறிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.

போன வருஷம் கேமரா வைத்தார்கள். ஏஐ லோடைப் பார்த்துத் திரையில் பச்சையோ சிவப்போ காட்டும். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருநாள் நான் கோட்டைவிட்ட ஷாக் அப்சார்பர் ஒன்றை அது பிடித்துக் கொடுத்தது. மனசார நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு லாரியில் ஏறுவது குறைந்துபோனது. முட்டிவலி வேறு.

போன வாரம் ஒருநாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்து ஸ்டேஷனில் நின்றபோது வழக்கமான சந்தேகம் வந்தது. கடைசி லாரியில் என்ன இருந்தது? திரையின் பச்சை ஞாபகம் இருந்தது. லோடு ஞாபகத்திலேயே இல்லை. உலைப்பக்கம் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வந்த ரயிலை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் தங்கை முகம்தான்.

நல்லவேளை, லோடு இன்னும் உலைக்குப் போகவில்லை. கிரேன்காரரிடம் கெஞ்சி அதைத் தரையில் பரப்பினேன். தங்கை வீட்டுக்காரரும் கூட வந்து புரட்டினார். கியர், கம்பி, கதவுத் தகடு. ஆபத்தானது எதுவும் இல்லை.

“மெஷினு கரெக்டாத்தான் சொல்லிகீது. அப்புறம் இன்னாத்துக்கு மச்சான் இப்டி ஓடியாந்த?” என்றார்.

“நான் பாத்தனான்னு தெரில மாப்ள.”

அவர் சிரிக்கவில்லை. “நீ பாத்துட்டன்னு நெனச்சிக்கினுதான் நான் அங்க நிக்கிறேன்.” கையுறையைக் கழற்றியவர் கேட்டார்: “அப்போ காலைல வந்ததெல்லாம்?”

இதற்கு முன்னால் காலையிலிருந்து ஐந்து லாரி அனுப்பியிருந்தேன். எல்லாம் உலைக்குள் போய் உருகியாகிவிட்டது. எதில் என்ன இருந்தது என்று யோசித்தால், திரையின் பச்சைதான் ஞாபகம் வந்தது.