அட்டை போட்ட முயல்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. சில மாதங்களுக்கு முன் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில், இன்னும் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகளுக்குப் படப் புத்தகம் வாங்குவது எப்படி என்று எழுதினேன். விதிகள் போட்டு எழுதினேன். விதி போடாமல் எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத்தான் தெரியுமே.

2. நான் இருக்கும் காரைக்குடியிலேயே ஒரு வாசகி அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய், விதிப்படி புத்தகங்கள் வாங்கிவந்தார்.

3. அவர் வீட்டுக் குழந்தை அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

4. போன மாதம் ஒரு திங்கட்கிழமை, அந்த வாசகி நான் வேலை பார்க்கும் ரசாயன லேபின் கேட்டுக்கே வந்துவிட்டார்.

வாட்ச்மேன் வந்து சொன்ன விதமே பயமாக இருந்தது.

“அம்மா, உங்களைத் தேடி ஒரு ஆச்சி வந்திருக்காக. கையில பேப்பரு வச்சிருக்காக. எதையோ எழுதிப்புட்டீக போல... முகம் சரியில்ல.”

எழுதுகிறவர்களுக்கு வாசகர் கடிதம் பிடிக்கும். வாசகரே நேரில் வந்தால்? கையிலிருந்த பீக்கரைக் கீழே வைத்தேன். புடவையில் ஆசிட் பட்டு விழுந்த ஓட்டையை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு போனேன்.

வேப்பமர நிழலில் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும்; செட்டியார் வீட்டுப் பெண்களை எந்த வயதிலும் இங்கே ஆச்சி என்றுதான் சொல்வார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதானா அது? சின்னப் பிள்ளையால்ல இருக்கீக!”

“நான்தான். சொல்லுங்க ஆச்சி.”

“கல்யாணம் ஆயிருச்சா?”

“இன்னும் இல்லை.”

“அது சரி... பிள்ளை பெறாமத்தான் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கணும்னு எழுதுனீகளாக்கும்!”

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். “கோவிச்சுக்காதீக. நானும் அப்படித்தான். பெறாதவதான்.”

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் குழந்தை இல்லையென்றால், பங்காளி வீட்டுப் பையன் ஒருவனை முறைப்படி தம் பிள்ளையாக ஏற்றுக்கொள்வார்கள். பிள்ளை கூட்டுவது என்று சொல்வது வழக்கம். ஆச்சியின் கணவருக்கு மலேசியாவில் தொழில். பங்குனியில் வந்து, ஒக்கூரிலிருந்து நாலு வயதுப் பையனைக் கூட்டி, விருந்து போட்டு, திரும்பக் கப்பல் ஏறிவிட்டார். அந்தப் பெரிய வீட்டில் இப்போது ஆச்சி, பையன், சமையலுக்குக் காளியம்மா. அவ்வளவுதான்.

“நல்ல பையன்மா. வச்ச சோத்தைத் தின்பான். படுன்னா படுப்பான். அழ மாட்டான்.”

“பிறகென்ன ஆச்சி?”

“அதான்... ஒன்னும் கேக்க மாட்டேங்கிறான். பிள்ளைன்னா அது வேணும், இது வேணும்னு பிடுங்கி எடுக்கணும்ல? இவன் விருந்தாடி வந்தவன் மாதிரி இருக்கான். ஆத்தான்னு கூப்பிட வேணாம், அது மெதுவா வரட்டும். ஒரு முட்டாய் வேணும்னு கேட்டாப் போதும் எனக்கு. படப் புத்தகம் காட்டினா எப்பேர்ப்பட்ட பிள்ளையும் வாய் திறக்கும்னு நீங்கதானே எழுதுனீக?”

எழுதினேன்தான். நல்ல வாக்கியமாக இருக்கிறதே என்று எழுதினேன்.

என் பழக்கப்படி கேள்விகளை அடுக்கினேன். எந்த நேரத்தில் காட்டினீர்கள்? வெளிச்சம் இருந்ததா? சாப்பிடுவதற்கு முன்பா, பின்பா?

“என்னம்மா, டாக்டரு கணக்கா கேக்குறீக! வீட்டுக்கு வந்து பாருங்களேன்.”

சனிக்கிழமை போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. நான் போட்ட விதிகள் என்ன? படம் பெரிதாக, எழுத்து கொஞ்சமாக. பக்கத்துக்கு ஒரு சம்பவம். தாள் கெட்டியாக. விரித்தால் மடியில் அடங்குகிற அளவு. முக்கியமாக, குழந்தை தினமும் பார்க்கிற ஆடு, மாடு, காக்கை, பஸ்... பார்க்காத எதுவும் கூடாது. இதில் எது தவறியிருக்கும்?

ஒன்றும் தவறியிருக்காது என்றுதான் அப்போது நினைத்தேன்.

வீட்டுக்குள் போனதும் நடுவில் வெளிச்சமான வளவு, திறந்த முற்றம். தூணுக்குப் பக்கத்தில் பையன் உட்கார்ந்து எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, வகிடு எடுத்த தலை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

நாலு வயதுக் குழந்தை. ஆள் வந்தால் எழுந்து நிற்கிறது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

“புத்தகமெல்லாம் எங்கே ஆச்சி?”

“இருங்க, எடுத்தாறேன்.”

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். உள்வீட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே பீரோவைத் திறந்தார். வெள்ளிப் பாத்திரத்தை எடுக்கிற மாதிரி, துண்டில் சுற்றி வைத்திருந்த புத்தகங்களை ஏந்திக்கொண்டு வந்தார். துண்டைப் பிரித்தார்.

எல்லாப் புத்தகத்துக்கும் பிரவுன் பேப்பர் அட்டை!

மூலை மடங்காமல், சுருக்கம் இல்லாமல், அப்படி ஒரு சுத்தமான வேலை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு லேபிள். அதில் மையால், அச்சு மாதிரி கையெழுத்தில் பையனின் பெயர். வேறு ஒன்றும் இல்லை.

“அட்டை போட்டுட்டீங்களா?”

“போடாம? வழவழன்னு எம்புட்டு அழகு! அழுக்காயிராது? தினம் சாயங்காலம் எடுத்து அவன் முன்னால பரப்பி வைப்பேன். எது வேணும் தம்பின்னு கேப்பேன். பாத்துக்கிட்டே நிப்பான். பொறவு எடுத்து வச்சுப் பூட்டிருவேன்.”

புத்தகங்களைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இதில் ஆடு எது, பஸ் எது? திறக்காமல் என்னாலேயே சொல்ல முடியவில்லை. எழுத்துத் தெரியாத குழந்தைக்குப் புத்தகத்தின் பெயர் என்பது என்ன? அட்டையில் இருக்கிற படம்தான். அந்தப் படத்தைத்தான் ஆச்சி பத்திரமாக மூடியிருந்தார். எது வேணும் என்று கேட்டால் பாவம், அவன் எதைக் காட்டுவான்? அவன் முன்னால் இருந்தது படப் புத்தகமா? ஒரே மாதிரி பழுப்பு நிறச் செங்கல்கள்!

இதெல்லாம் எதற்கு, கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காளியம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்தார். டம்ளரில் பெயர் வெட்டியிருந்தது. டபராவிலும். பக்கத்தில் பையனுக்குப் பால் வைத்த குட்டி வெள்ளி டம்ளர் — அதிலும் பெயர். லேபிளில் இருந்த அதே பெயர்.

“அவனுக்குன்னு புதுசா வெட்டினதா ஆச்சி?”

“ஆமா. இந்த வீட்டுல பேரு வெட்டாத சாமான் ஒரு கரண்டிகூடக் கிடையாது. எங்க மாமியா பேரு, நான் கொண்டாந்ததுல என் பேரு, செட்டியாரு பேரு... இவன் பேருல மட்டும் ஒன்னும் இல்லாம இருந்துச்சு. நாளைக்கு யாராச்சும் இது உன்னுதில்லைடான்னு சொல்லிறக் கூடாதுல்ல?”

குரலைத் தாழ்த்தினார்.

“எங்க மாமனாரு பேரைத்தான் இவனுக்கு வச்சிருக்கு. நான் அதை வாயால சொல்லக் கூடாது. தம்பி, தம்பின்னுதான் கூப்பிடுறேன். எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லலைல்ல? அதான் எழுதுறேன்.”

வாயால் கூப்பிட முடியாத பெயரைக் கையால் எழுதி எழுதி ஒட்டியிருக்கிறார்! இதைக் கிழிக்கச் சொல்ல நான் யார்?

நல்லவேளை, என் படிப்பு கைகொடுத்தது.

“ஆச்சி, மைதாப் பசைதானே? கெட்டில் இருக்கா?”

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. கெட்டிலின் மூக்கு வழியாக வந்த ஆவியில் லேபிளைக் காட்டினேன். பசை இளகியது. கிழியாமல், மை கலையாமல், கத்தி முனையால் மெதுவாக எடுத்தேன். அப்புறம் பிரவுன் பேப்பர். ஆச்சி பதறிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

காளியம்மா எட்டிப் பார்த்தார். “என்னாச்சி இது... புத்தகத்துக்குச் சளி புடிச்சிருக்கா? வேது புடிக்கிறீக!”

“நீ உன் சோலியைப் பாரு.”

முதல் அட்டை கழன்றது. உள்ளே ஆடு. இரண்டாவதில் சிவப்பு பஸ். திரும்பிப் பார்த்தேன். பையன் தூணை விட்டு வந்து அடுப்படிக் கதவோரம் நின்றிருந்தான். மூன்றாவதில் காக்கை. கதவோரத்திலிருந்து என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். நாங்கள் இருவரும் கவனிக்காதது மாதிரி இருந்தோம்.

அடுத்த புத்தகத்தைப் பிரித்ததும் எனக்கே ஆச்சரியம். வெள்ளை வெளேர் என்று பனி. அதன் நடுவில் சிவப்பு மப்ளர் கட்டிய ஒரு முயல்குட்டி. ஏதோ குளிர் நாட்டில் அச்சடித்து, தமிழில் போட்டு மலிவாக விற்கிறார்களே, அந்த வகை.

“இது எப்படி வந்துச்சு ஆச்சி? நான் எழுதினதில் இது சேராதே. இவன் பனியைக் கண்டானா, மப்ளரைக் கண்டானா?”

“கடைக்காரரு விலை கம்மிதான், இதையும் வச்சுக்கங்கன்னு சேத்துக் கட்டிட்டாரு. வேணாம்னா அங்குட்டு வச்சிருவோம்.”

ஆச்சி அதை ஓரமாக நகர்த்தினார். நகரவில்லை. ஒரு சின்னக் கை அதன் மேல் இருந்தது.

“இது” என்றான் பையன்.

ஆச்சி தன் கையை எடுத்துக்கொண்டார்.

“இது வேணுமா தம்பி?”

“ம்.”

ஆச்சி அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மடியில் இல்லை, கொஞ்சம் தள்ளித்தான். ஆச்சி படித்துக் காட்டினார்; கதை ஒன்றும் பெரிசில்லை. முயல்குட்டி கையில் மூட்டையோடு ஒரு வீட்டிலிருந்து கிளம்புகிறது. பனியில் நடக்கிறது. மரத்தடியில் நிற்கிறது. மறுபடி நடக்கிறது. கடைசியில் விளக்கு எரிகிற இன்னொரு வீட்டு வாசல். கடைசிப் பக்கத்தில் எழுத்தே இல்லை. கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

“இதென்ன? மாவா?” — பனியைத் தொட்டுக் கேட்டான்.

“இம்புட்டு மாவையும் கொட்டிப்புட்டு எந்த மகராசி கூட்டாமப் போனா?” என்றார் காளியம்மா.

களுக்கென்று ஒரு சத்தம். சிரித்தது அவன்தான்.

“முசல் எங்க போகுது?”

“வீட்டுக்குப் போகுதுப்பா” என்றார் ஆச்சி.

அவன் பக்கங்களைத் திருப்பித் திருப்பி முதல் பக்கத்துக்கு வந்தான். முயல் கிளம்பிய வீட்டின் மேல் விரலை வைத்தான். “இதுதான் வீடு.”

அப்புறம் கடைசிப் பக்கத்துக்குப் போனான். “இது?”

ஆச்சி என்னைப் பார்த்தார். விதிகள் எழுதியவள் அல்லவா, பதிலும் வைத்திருப்பேன் என்று நினைத்திருப்பார். நான் கெட்டிலைப் பார்த்தேன்.

ஆச்சி ஒரு விரலை முதல் பக்கத்துக்குள் விட்டுக்கொண்டார். மறு கையால் கடைசிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அதுவும் முசலு வீடுதான். இதுவும் முசலு வீடுதான். அதுக்கு ரெண்டு வீடு.”

“ரெண்டா?”

“ரெண்டுதான்.”

பையன் முயலையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு புத்தகத்தை மூடி, மறுபடி முதலிலிருந்து திறந்து, ஆச்சியின் மடியில் வைத்தான்.

“திருப்பிப் படிங்க.”

நான் கிளம்பும்போது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ ஓடிக்கொண்டிருந்தது. லேபிள்களை எல்லாம் அந்தந்தப் புத்தகத்தின் உள் அட்டையில் சோற்றுப் பசை வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். பெயர் உள்ளே போயிற்று, முயல் வெளியே வந்தது. யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆகவே, வாசகர்களே, என் பழைய பட்டியலில் சில திருத்தங்கள். ஆச்சி அனுமதி கொடுத்துத்தான் எழுதுகிறேன். எங்க பேரை மட்டும் போடாதீக என்றார், போடவில்லை.

பெரிய படம், கெட்டித் தாள், மடி அளவு — இவை அப்படியே இருக்கட்டும். ஆடும் பஸ்ஸும் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பார்க்காத எதுவும் கூடாது என்ற விதியை அடித்துவிடுங்கள். குழந்தை பனியைப் பார்த்திருக்க வேண்டாம். வீடு விட்டு வீடு போவது என்றால் என்ன என்று அதற்குத் தெரிந்திருக்கலாம். அது பட்டியல் போடுகிறவளுக்கு எப்படித் தெரியும்?

அட்டை போடாதீர்கள். பீரோவில் வைக்காதீர்கள். அரிசி மூட்டைக்குப் பக்கத்திலோ, ஜன்னல் விளிம்பிலோ, குழந்தையின் கை எட்டுகிற இடத்தில் படம் தெரிகிற மாதிரி வையுங்கள். அழுக்காகத்தான் செய்யும். அழுக்காகாத படப் புத்தகம் என்றால், அதை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. ஐந்து புத்தகம் வாங்கினால், அதில் ஒன்றாவது என்னை மாதிரி ஆட்கள் சிபாரிசு செய்யாததாக இருக்கட்டும்.

நேற்று ஆச்சியை மார்க்கெட் வழியில் பார்த்தேன். நிலவரம் இதுதான். பீரோவில் இப்போது புத்தகம் எதுவும் இல்லை. முயலின் மப்ளர் மேல் சாம்பார் கொட்டியிருக்கிறது. மூன்றாம் பக்கம் கிழிந்துவிட்டது என்று புதுப் பிரதி வாங்கினார்கள், பையன் கிழிந்ததுதான் வேண்டும் என்கிறான். ஒருநாள் ஒக்கூரில் அவன் பிறந்த வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தார்கள். புத்தகமும் கூடப் போய்வந்தது. ஆத்தா என்று இன்னும் கூப்பிடவில்லை.

முட்டாய் கேட்டிருக்கிறான். ஒன்று இல்லை, இரண்டு.